இமில்தாவிடம் இருந்த என் வலது கை

என் தோளிலிருந்து தொங்கும் இந்த வலது கை முப்பத்திரண்டு வருஷம் இன்னொருத்திக்குச் சொந்தமாக இருந்தது. கதை விடுகிறான் என்று நினைக்க வேண்டாம். பவியா நகரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மனைவி ஔதா இன்னும் பச்சையாகவே சொல்வாள்: "ஆளைக் கட்டிக்கிட்டவ நான். கைக்குச் சொந்தக்காரி அந்த ஆத்தங்கரைக்காரி."

அந்த ஆற்றங்கரைக்காரியின் பெயர் இமில்தா. திச்சினோ ஆற்றில் பொன் அரித்துப் பிழைத்தவள். போன மாதம் அவளைப் புதைத்தோம். அவள் பெயரை எந்தப் பாதிரியாரும் தோல் ஏட்டில் எழுதி வைக்கப் போவதில்லை. நான் நாணயச்சாலையில் சம்மட்டி அடிக்கிறவன். மூன்று ராஜாக்களின் முகத்தைப் பொன்னில் அடித்திருக்கிறேன். அந்த மூன்று பேரும் தெருவில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. இமில்தாவின் முகம் கண்ணை மூடினாலும் தெரியும். ஆகவே தெரிந்தவரைச் சொல்லிவிடுகிறேன். நன்றி கெட்டவன் என்ற பெயரோடு அந்த உலகத்துக்குப் போக எனக்கு இஷ்டமில்லை.

அவளுடைய அப்பா யாருக்கும் அடிமையில்லாத சுதந்திர மனிதர். இந்த நாட்டை ஆளும் லொம்பார்டு குலத்து ரத்தம். அந்தப் பெருமையையும், ஒரு ஈட்டியையும், நெஞ்சுவரை தொங்கிய தாடியையும் கழித்துவிட்டால் அவரிடம் வேறு சொத்து இல்லை. சோறு போட்டது அம்மாவின் பலகைதான். ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் வளைவுகளில் புதுச் சரளை ஒதுங்கும். சரிவாக வைத்த பலகையில் ஆட்டுத்தோலை விரித்து, சரளையை அள்ளிக் கொட்டி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கல் உருண்டு போகும். கனமானது ரோமத்தில் சிக்கும். அதை உதறி மரத்தட்டில் போட்டுச் சுழற்றினால் கடைசியில் ஒரு பிடி கறுப்பு மணலும், அதன் ஓரத்தில் மீன் செதில் மாதிரி நாலைந்து பொன் துணுக்கும் நிற்கும். அந்தத் துணுக்கை வாத்து இறகின் தண்டுக்குள் போட்டு மெழுகால் அடைப்பார்கள். ஒரு தண்டு நிறைய ஒரு வாரம் ஆகும். இமில்தா ஏழு வயதில் அந்தத் தண்ணீரில் இறங்கியவள். அறுபத்தெட்டில்தான் கரை ஏறினாள்.

அவளைக் கட்டிக்கொண்டவன் லூபோ. நல்லவன் என்பாள். நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி நாலாம் வருஷம் கிழக்கு எல்லைச் சண்டைக்குப் போனான். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. எங்கள் வழக்கப்படி குடும்பத்துக் கல்லறைகளுக்கு நடுவே ஒரு நீளக் கழியை நட்டு, உச்சியில் மரத்தால் செய்த புறாவை வைத்தார்கள். செத்தவன் எந்தத் திசையில் கிடக்கிறானோ அந்தத் திசையைப் புறா பார்க்க வேண்டும். லூபோவின் புறா கிழக்கே பார்த்தது. பெருங்காற்று அடித்தால் அது திரும்பிக்கொள்ளும். இமில்தா ஏணி போட்டு ஏறி, மறுபடி கிழக்கே திருப்பிவிட்டு இறங்குவாள்.

குழந்தை இல்லை. எங்கள் சட்டத்தில் பெண்ணுக்கு வாய் உண்டு, ஆனால் சபையில் அந்த வாயைத் திறக்க ஓர் ஆண் காப்பாளன் வேண்டும். முதலில் அப்பன், பிறகு புருஷன், அவனும் போனால் புருஷன் வீட்டு ஆண். இமில்தாவுக்கு வாய்த்த காப்பாளன் லூபோவின் தம்பி முனிகிஸ். தினமும் தாடிக்கு எண்ணெய் தடவிச் சீவுகிறவன். பவியாவில் மழை பெய்தாலும் அவன் செருப்பு மட்டும் காய்ந்தே இருக்கும். இமில்தா அவன் வீட்டின் பின்கட்டில் இருந்துகொண்டு, அவனுக்குக் கஞ்சி காய்ச்சி, அடுப்புச் சாம்பலை அள்ளி, பகலெல்லாம் ஆற்றில் நின்றாள்.

பொன் அரிக்கிறவர்கள் அரண்மனை நாணயச்சாலைக்கு மட்டுமே விற்பதாகச் சத்தியம் செய்தவர்கள். சனிக்கிழமை காலையில் வரிசையில் நிற்பார்கள். எங்கள் முதலாளி டோனுலோ ஒவ்வொரு தண்டையும் உடைத்து, எடை பார்த்து, உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். இமில்தாவின் முறை வரும்போது மட்டும் உரைகல்லை ஒதுக்கி வைப்பார்.

"இமில்தா பொன்னை உரசிப் பாக்கறது, மாதா கோயில் மணியைத் தட்டிப் பாக்கற மாதிரி," என்பார்.

அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. ராணி மாதிரி வரிசையைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு என்னிடம் வந்து வம்பு பிடிப்பாள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, அவளுக்கு முப்பத்தாறு.

"ஏன்டா பெர்த்தோ, தரையில என்ன மின்னுது? நான் இடுப்பளவு தண்ணில நின்னு பொறுக்கிட்டு வர்றேன், நீ காலால மிதிச்சுத் தேய்க்கறியா?"

"அது வெயில் அக்கா."

"வெயில் கூரையிலேர்ந்து வரும்டா. இது உன் செருப்பிலேர்ந்து வருது. கழட்டி உதறு."

உதறினால் நிஜமாகவே ஒரு துணுக்கு விழும். விரலை நாக்கில் நனைத்து அதை ஒற்றி எடுத்து டோனுலோவின் தராசில் போட்டுவிட்டுத்தான் போவாள்.

இப்போது எங்கள் காசைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். திரெமிஸ் என்போம், மெல்லிய பொன் வில்லை. ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் சிறகு விரித்த மிகேல் தேவதூதர். சுற்றிலும் தட்டுக்கு விளிம்பு வைத்தது போல ஒன்றும் எழுதாத அகலமான ஓரம். வில்லையை வெட்டுவதும் நான், அச்சுக்கு நடுவில் வைத்து அடிப்பதும் நான். அந்த அகல ஓரம் பார்வைக்கு அழகு, திருடனுக்கு விருந்து. தேவதூதரின் சிறகில் ஒரு இறகைக்கூடத் தொடாமல் ஓரத்தை மட்டும் சுற்றிலும் அராவி எடுத்து, மிச்ச விளிம்பை மறுபடி தட்டி உயர்த்திவிட்டால், பட்டறையிலிருந்தே சின்னதாகப் பிறந்த காசு மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு பை நிறையக் காசு அந்த இலையுதிர் காலத்தில் அரண்மனைக்கு வரியாகத் திரும்பி வந்தது. அரண்மனை அதிகாரி ரகிபெர்த் அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் பட்டறைக்கு வந்தார். எதிலும் அவசரப்படாத மனிதர். காசுகளை என் மேடையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"அச்சு உன்னுதா?"

"ஆமாங்க ஐயா."

"அடிச்சது?"

"நான்தான்."

"வில்லையைச் சின்னதா வெட்டி, மிச்சப் பொன்னை எங்கப்பா வச்சிருக்கே?"

டோனுலோவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எங்கள் சட்டம் இந்த விஷயத்தில் சுருக்கமானது: பொற்காசில் பொய் செய்தவன் கையை வெட்டு. அவ்வளவுதான். வேறு பேச்சே கிடையாது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. பன்னிரண்டு நாளுக்குள், என்னோடு சேர்ந்து நற்செய்தி நூலின்மேல் கைவைத்து, இவன் குற்றமற்றவன் என்று சத்தியம் செய்யப் பதினொரு பேரைக் கொண்டுவர வேண்டும். சொந்தபந்தம் உள்ளவனுக்கு அது பெரிய காரியமில்லை. சித்தப்பன், மாமன், மச்சான் என்று தெருவே வந்து நிற்கும். என் சொந்தத்தை எல்லாம் நான் தொட்டிலில் கிடக்கும்போதே கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஐந்து நாளில் நாலு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவன் குடிகாரன். டோனுலோ, "என் கையும் ஒண்ணுதானேப்பா இருக்கு," என்றார். அவருக்கு இரண்டு கை இருந்தது, ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

ஆறாம் நாள் சனிக்கிழமை. வழக்கு முடியும்வரை பட்டறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். வாசல் படியில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஔதாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கை போன சம்மட்டிக்காரன் எதை அடித்துப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுவான்?

இமில்தா வந்தாள். கையில் வழக்கம்போல் இரண்டு தண்டுகள்: ஒன்று அவளுடையது, மற்றது முனிகிஸ் கொடுத்தனுப்புவது. இரண்டு வருஷமாக அப்படித்தான். "நான் மேல் வளைவில் அரித்தது" என்று அவன் கொடுப்பான், இவள் தன்னுடையதோடு சேர்த்துக் கொண்டுவந்து விற்பாள்.

"என்னடா, பூட்டின கதவுக்குக் காவலா?"

நடந்ததைச் சொன்னேன். ஓரத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முனிகிஸின் தண்டை உடைத்து உள்ளங்கையில் கொட்டினாள். விரலால் கிளறிப் பார்த்தாள்.

"இது ஆத்துப் பொன்னு இல்லடா," என்றாள்.

"என்னக்கா சொல்றே?"

"ஆத்துப் பொன்னு தட்டையா இருக்கும். கல்லுல அடிபட்டு அடிபட்டு ஓரமெல்லாம் மழுங்கியிருக்கும். இதைப் பாரு. சுருள் சுருளா, முள்ளு மாதிரி. இது அரம் தின்ன பொன்னு. நிறமும் வெளிறியிருக்கு. உங்க பட்டறையில வெள்ளி கலக்கற பொன்னு."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. "இன்னிக்குத்தான் பாத்தியா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ரெண்டு வருஷமா தெரியும். ஆத்துப் பொன்னு இல்லேன்னு தெரியும், எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது. பழைய கல்லறையைத் தோண்டறான் போலன்னு நெனச்சேன். கேக்கல. கேட்டா பின்கட்டு போயிடும். குளிர்காலத்துல எங்கடா போவேன்?"

"நீ கொண்டு வந்ததாலதான் டோனுலோ உரசிப் பாக்கல. உன் பேரைச் சொல்லித்தான் அவன் திருடியிருக்கான். போற கை என்னுது."

"ஆமா," என்றாள். "என் பேருதான்."

"போய் ரகிபெர்த் ஐயாகிட்ட சொல்லு."

"எந்த வாயால சொல்ல? சபையில நான் பேசணும்னா என் காப்பாளன் வந்து நிக்கணும். 'ஐயா, என்னைத் திருடன்னு சொல்றதுக்காக எங்க அண்ணியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்'னு முனிகிஸ் வருவானா?"

நான் அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டாள். பொன்னைத் திரும்பத் தண்டில் போட்டு மெழுகை அழுத்தினாள். எழுந்தாள்.

"நாளைக்குக் கோயிலுக்கு வா. காது நல்லா கேக்கற நாலு பேரை முன்னாடி நிக்க வை. அந்தக் குடிகாரன் வேண்டாம்."

மறுநாள் மிகேல் தேவதூதர் கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ரகிபெர்த் படியில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். முனிகிஸ் புது மேலங்கியில் வந்தான். இமில்தா கூட்டத்தின் நடுவே அவன் முன்னால் போய் நின்று, கன்னத்தில் கைவைத்து அவன் காலைப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, ஒரு சந்தேகம்."

"வீட்டுல பேசிக்கலாம் அண்ணி."

"முப்பது வருஷமா அரிக்கறேன், எனக்கு விரல் நடுவுல சேத்துப்புண்ணு ஆறினதே இல்ல. நீங்களும் மேல் வளைவுல அரிக்கறீங்க, செருப்புல ஒரு பொட்டு ஈரம் இல்லையே. எந்தப் புனிதர் குடுத்த வரம்?"

கூட்டம் சிரித்தது. ஒரு கிழவர், "தாடியால அரிக்கறான் போல," என்றார். இன்னும் சிரிப்பு. முனிகிஸின் காது சிவந்தது.

"வாயை மூடிக்கிட்டுப் போங்க."

"போறேன். தண்ணி சொன்னதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். தட்டைச் சுத்தும்போது அது என்கிட்ட பேசும். நேத்து என்ன சொல்லுச்சு தெரியுமா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் முன்வரிசைக்குக் கேட்கும் அளவுக்குத்தான் தாழ்த்தினாள். "அடுப்புக்குப் பின்னால மூணாவது கல்லு ஆடுதாம்."

அடுப்புச் சாம்பலை அள்ளுகிறவளுக்கு எந்தக் கல் ஆடுகிறது என்று தெரியாதா? ஆனால் சாம்பல் அள்ளியே பழகாத முனிகிஸுக்கு அந்த எண்ணம் வரவில்லை. அவன் முகம் வெளுத்தது. இரண்டடி பின்னால் போனான். விரலை நீட்டினான்.

"சூனியக்காரி," என்று கத்தினான். "இவ சூனியக்காரி."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அந்த நுணலை நேரில் பார்த்தேன். எங்கள் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், கோபம் வந்தால் எல்லோருக்கும் மறந்துவிடும்: தன் காப்பில் இருக்கும் பெண்ணைச் சூனியக்காரி என்று பலர் முன்னால் சொன்ன காப்பாளன், அவள் அப்பனோ கூடப்பிறந்தவனோ இல்லாத பட்சத்தில், அந்தக் கணமே காப்புரிமையை இழக்கிறான். அவள் விரும்பினால் அரண்மனையின் காப்பில் போய்ச் சேரலாம்.

இமில்தா கோபப்படவில்லை. சந்தையில் நல்ல விலைக்கு வாத்து கிடைத்தவள் மாதிரி நிதானமாகத் திரும்பினாள்.

"யார் யார் கேட்டீங்க?"

நான் நிறுத்தி வைத்த நாலு பேரும் கை தூக்கினார்கள். பின்னால் இன்னும் முப்பது கை எழுந்தது. தாடியைக் கிண்டல் செய்த கிழவர் இரண்டு கையையும் தூக்கினார். இமில்தா படியேறி ரகிபெர்த்தின் முன்னால் நின்றாள்.

"ஐயா, எனக்கு இப்போ காப்பாளன் இல்ல. அரண்மனை காப்புல வர்றேன். வந்ததும் ஒரு விஷயம் பேசணும்."

ரகிபெர்த் முனிகிஸைப் பார்த்தார், இமில்தாவைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது.

"வந்தாச்சும்மா. பேசு."

அன்று மதியமே பட்டறையைத் திறந்தார்கள். இமில்தா இரண்டு மரத்தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் தன் தண்டையும், மற்றதில் முனிகிஸின் தண்டையும் கொட்டிச் சுழற்றினாள். ஒன்றில் செதில் செதிலாகக் கறுப்பு மணலோடு ஒதுங்கியது. மற்றதில் மணலே இல்லை. சுருள் சுருளாக அடியில் கிடந்தது. டோனுலோ இத்தனை வருஷமாக இமில்தாவுக்காக எடுக்காத உரைகல்லை எடுத்தார். சுருளின் கோடும் எங்கள் காசின் கோடும் ஒன்றாக வெளிறியிருந்தன. இதற்குள் அரண்மனை ஆட்கள் முனிகிஸின் அடுப்பைப் பிரித்து அரத்தையும், சின்னச் சுத்தியலையும், இன்னும் அராவாத இருபது காசையும் கொண்டு வந்துவிட்டார்கள்.

ரகிபெர்த் அவளிடம் கடைசியாகக் கேட்டார்: "இந்தத் தண்டையெல்லாம் இங்க கொண்டுவந்தது யாரும்மா?"

"நான்தான். சந்தேகம் இருந்தது. வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பயம்."

"அதுக்கு ஒரு தண்டனை உண்டு."

"குடுங்க."

இனி இமில்தாவின் பொன்னை ஒவ்வொரு வாரமும், எல்லார் முன்னாலும், அவள் உயிரோடிருக்கும் வரை உரசிப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. வேறு ஒருத்தியாக இருந்தால் இவ்வளவுதானா என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். இமில்தாவுக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு புது எடைக்காரன், "பாட்டிம்மா, உங்களுக்கு எதுக்கு உரைகல்லு," என்று தண்டை அப்படியே தராசில் கொட்டப் பார்த்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உரசுடா. உரசாம விட்டதுலதான் ஒருத்தன் கை போச்சு," என்றாள்.

போன கை முனிகிஸுடையது. அதை நான் மறைக்கப் போவதில்லை. என் கை தப்பியது, அவன் கை போனது. மனைவியும் இல்லாத அவனுக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோனவள் இமில்தாதான். அரண்மனை அவளுக்கு ஆற்றங்கரையில் ஒரு குடிசை கொடுத்திருந்தது. அங்கிருந்து நடந்து போய், ரொட்டியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி அவன் முன்னால் வைப்பாள்.

"நீ சூனியக்காரிதான்டி," என்பான்.

"ஆமா கொழுந்தனாரே. கஞ்சி ஆறுது, குடிங்க."

ஒன்பது வருஷம் அவன் இருந்தான். ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. அவன் சொல்ல வேண்டிய நன்றியையும் சேர்த்து நானே சொல்லிவிடத்தான் பார்த்தேன். ஆனால் அவள் விட்டால்தானே.

எங்கள் வழக்கத்தில் சும்மா கொடுப்பது என்பது கிடையாது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கியவர் ஒரு பதில்பரிசு தர வேண்டும். சின்னதாக ஒரு கையுறையோ சட்டையோ போதும். முதலில் கொடுத்தவர் அந்தப் பதில்பரிசை ஏற்றுக்கொண்டால்தான் கொடுத்தது செல்லும். இல்லையென்றால் அது இன்னும் கொடுத்தவருடையதுதான். எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். தீர்ப்பான மறுநாளே ஒரு கொழுத்த வாத்தைத் தூக்கிக்கொண்டு அவள் குடிசைக்குப் போனேன்.

"என்னடா இது?"

"பதில்பரிசு அக்கா. நீ எனக்குக் கை குடுத்தே."

வாத்தைத் தடவிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேண்டாம். இதை வாங்கிட்டா கை உன்னுதாயிடும். நீயும் கையை வீசிக்கிட்டுப் போயிடுவே. அது எனக்குச் சொந்தமாவே இருக்கட்டும். எனக்கும் சொந்தம்னு வேற யார் இருக்கா?"

அடுத்த வாரம் ஆள் வந்தது. "இமில்தாம்மா தன் கையை அனுப்பச் சொன்னாங்க. காத்துல புறா திரும்பிடுச்சாம்." ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் லூபோவின் புறாவைக் கிழக்கே திருப்பினேன். அப்புறம் கூரைக்கு வைக்கோல், பலகைக்குப் புது ஆணி, வெள்ளத்துக்குப் பிறகு சரளை அள்ளுவது. அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை, கையைத்தான் கூப்பிடுவாள். நான் கொண்டுபோன சட்டை, பாலாடைக்கட்டி, ஆட்டுக்குட்டி எல்லாம் என்னோடு திரும்பி வந்தன. ஔதா முதலில் முணுமுணுத்தாள். பிரசவத்தில் அவள் உயிருக்குப் போராடிய மூன்று நாளும் இமில்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பிறகு முணுமுணுக்கவில்லை. "உன் முதலாளியம்மா கூப்பிடறாங்க, போ," என்று ரொட்டியைக் கட்டிக் கொடுப்பாள். எங்கள் பெண் பிள்ளைக்கு இமில்தா என்றுதான் பெயர்.

முப்பத்திரண்டு வருஷம். நான் அடித்த ஒவ்வொரு காசும் அவள் கையால் அடித்தது. நான் என் பிள்ளைகளைத் தூக்கியது அவள் கையால். பட்டறையில் ஒரு துணுக்கைச் செருப்பில் ஒட்டிக்கொண்டு போகலாமா என்று எனக்கும் ஆசை வந்த நாட்கள் உண்டு. நான் என்ன புனிதனா? அப்போதெல்லாம் இந்தக் கை என்னுடையதில்லையே என்று தோன்றும். அடுத்தவர் பொருளை வைத்துத் திருட எனக்கு மனம் வந்ததில்லை.

போன மாதம் குளிர் இறங்கியதும் அவள் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு நாள் காலை ஆள் வந்தது. கையை அனுப்பச் சொல்லவில்லை. "பெர்த்தோவை வரச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தாள். அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது. ஔதாவும் கூட வந்தாள்.

இமில்தா கம்பளிக்குள் ஒரு பிடியாகக் கிடந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"பதில்பரிசு எங்கடா?"

"இப்ப எதுக்கு அக்கா அது?"

"கொண்டா. வாங்கிக்கறேன்."

"வேண்டாம். அது உன்னுதாவே இருக்கட்டும்."

"முட்டாள்," என்றாள். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. நான் அரண்மனைக் காப்புல இருக்கறவ. நான் செத்தா என்னுதெல்லாம் அரண்மனைக்குப் போகும். பலகை போகும், தட்டு போகும், உன் கையும் போகும். அவங்க ஒருதடவை அதைக் கேட்டவங்கடா. மறந்துட்டியா?"

நான் சிரித்தேன். அழுகையும் வந்தது. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஔதா தன் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு கையுறையை எடுத்தாள். ஆட்டுத்தோல். குளிர்காலத்துக்காக எனக்கென்று தைத்துக்கொண்டிருந்தது. வலது கை மட்டும்தான் முடிந்திருந்தது. அதை என்னிடம் தந்தாள். நான் இமில்தாவிடம் நீட்டினேன். அவளால் போட்டுக்கொள்ள முடியவில்லை. நானே மாட்டிவிட்டேன். அறுபது வருஷம் தண்ணீரில் ஊறின விரல்கள். உறைக்குள் அவை இருக்கும் இடமே தெரியவில்லை.

"பெருசா இருக்குக்கா."

"உன் கைக்குத் தச்சதுதானே. கதகதன்னு இருக்கு." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, கோயில் வாசலில் பேசின அதே குரலில் சொன்னாள்: "வாங்கிக்கிட்டேன். ஔதா, நீ சாட்சி. இனிமே அந்தக் கை அவனோடது."

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தாள். கையுறையைக் கழற்ற வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். அப்படியே புதைத்தோம், லூபோவின் கழிக்குப் பக்கத்தில்.

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்தேன். சட்டப்படி முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக என் சொந்தக் கை. சாயங்காலம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையை அனுப்பச் சொல்லி யாரும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் பெருங்காற்று அடித்தது. ஏணியைத் தேடி எடுத்தேன். "யாரு கூப்பிட்டாங்க?" என்று ஔதா கேட்டாள். யாரும் இல்லை என்றேன். கல்லறைக்குப் போய் ஏறிப் பார்த்தேன். புறா திரும்பித்தான் இருந்தது. கிழக்கே திருப்பிவிட்டு இறங்கினேன்.